கடலில் நீச்சல் பழகிய பூஞ்சிட்டு, கொடி திரும்பியதும் ஏன் தளர்ந்தது?

தொண்டி_பூஞ்சிட்டு
ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பூஞ்சிட்டுப் பிரிவில் ஓடுகிற ஒரு ஜோடி மாடுகள் இருக்கின்றன. வலத்த மாடு மயிலை, இடத்த மாடு செவலை. தை மாதம் செவலைக்குக் குளம்பில் முள் ஏறிப் புண்ணாகிவிட்டது. தார் ரோட்டில் ஓட்ட முடியாது என்று மூன்று மாதம் தினமும் காலையில் கடலில் இறக்கினேன். மயிலை வழக்கம்போல் ரோட்டில் வண்டி இழுத்தது.

செவலையைப் பார்த்தவர்கள் எல்லோரும் மலைத்துப் போனார்கள். நெஞ்சு அகன்று, முன்தொடை திரண்டு, தோல் எண்ணெய் பூசியதுபோல் ஆகிவிட்டது. புண்ணும் ஆறியது. போன வாரம் பந்தயத்தில் விட்டேன். போக வர ஆறு மைல். போகும்போது இரண்டும் ஒரே கால். கொடியைச் சுற்றித் திரும்பி ஒரு மைல்கூட வரவில்லை, செவலை நுகத்தைக் கீழே அழுத்த ஆரம்பித்துவிட்டது. மூச்சு இரைக்கவில்லை, வாயில் நுரை இல்லை. பின்னங்காலை மட்டும் எடுத்துப் போடவில்லை. அடுத்த இரண்டு நாள் படுத்தால் எழுந்திருக்க யோசித்தது.

காட்டின இடத்தில் தீவனம் போதாது என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்கள். தீவனத்தில் குறையே இல்லை. என் சந்தேகம் இதுதான்: நீச்சலில் எல்லாத் தசைக்கும் வேலை என்கிறார்களே, ஓடுகிற தசை வேறு, நீந்துகிற தசை வேறா?


சாரதி_சாயல்குடி
ஞாயிறு, இரவு 10.15

தம்பி, கடல் மாட்டைக் குளிப்பாட்டுவதற்கு. பந்தயத்துக்கு ரோடு. இருபது வருசமாகக் கயிறு பிடிக்கிறேன், ரோடு பழகாத மாடு ஜெயித்து நான் பார்த்ததில்லை. ஒன்றை ரோட்டிலும் ஒன்றைத் தண்ணியிலும் பழக்கிவிட்டு ஒரே நுகத்தில் பூட்டியது முதல் தப்பு.


வாலிநோக்கத்தான்
ஞாயிறு, இரவு 10.52

அண்ணே சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் பக்கம் மஞ்சுவிரட்டுக் காளைகளுக்கு நீச்சல்தான் முதல் பாடம். ஊரணியில் தண்ணீர் இருந்தால் ஊரணி, இல்லாவிட்டால் கடல். நீந்துகிற காளை வாடிவாசலில் எப்படிப் பாய்கிறது என்று வந்து பாருங்கள். கால் தசைதானே? தண்ணீரில் பலம் வந்தால் தரையிலும் வரத்தானே செய்யும்.


கால்நடை_மாணவி
திங்கள், காலை 6.30

கால்நடை மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன், சொந்த ஊர் உச்சிப்புளி. தொண்டி அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. பதில் சொல்வதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். செவலை நிஜமாகவே நீந்தியதா, தண்ணீருக்குள் நடந்ததா? உங்கள் பக்கம் பாக் நீரிணை. எவ்வளவு தூரம் போனாலும் இடுப்பளவுதானே இருக்கும்?


தொண்டி_பூஞ்சிட்டு
திங்கள், காலை 7.05

சரியாகப் பிடித்தீர்கள் தங்கச்சி. முக்கால்வாசி நேரம் நெஞ்சளவு தண்ணீரில் நடைதான். வத்தை (சின்னப் படகு) கட்டுகிற இடத்தைத் தாண்டினால்தான் கால் எட்டாது. அங்கே ஒரு பத்து நிமிடம் நீச்சல், அப்புறம் கரைக்கு.


கால்நடை_மாணவி
திங்கள், இரவு 8.20

அப்படியானால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தசை வேறு வேறு இல்லை, பெரும்பாலும் அதே தசைகள்தான். ஒவ்வொரு நடைக்கும் அது எப்போது முறுக்கேறுகிறது, முறுக்கேறியிருக்கும்போது அதன் நீளத்துக்கு என்ன ஆகிறது என்பதுதான் மாறுகிறது. முறுக்கேறிய தசை சுருங்கலாம், இருந்த நீளத்திலேயே பிடித்து நிற்கலாம், முறுக்கோடு இருக்கும்போதே பாரத்தால் இழுபடவும் செய்யலாம். கிணற்றில் வாளியை இழுப்பது, இழுத்த கயிற்றை அப்படியே பிடித்திருப்பது, விட்டு விட்டு இறக்குவது மாதிரி. மூன்றுக்கும் கை ஒன்றுதான், ஆனால் வேலை ஒன்றில்லை.

ஓட்டத்தில் நடப்பதைக் கேளுங்கள். குளம்பு தரையில் படுவதற்குக் கொஞ்சம் முன்பே காலை நிமிர்த்துகிற தசைகள் முறுக்கேறிவிடும். பட்டபிறகு முறுக்கினால் கால் மடங்கிவிடும். பட்டதும் உடம்புப் பாரம் முழுக்க இறங்குகிறது. அப்போது கெண்டைத் தசை பெரிதாகச் சுருங்குவதில்லை, இறுக்கிப் பிடித்து நிற்கிறது. நீள்வது அதன் முனையில் இருக்கும் தசைநாண், நாம் நரம்பு என்று சொல்வோமே, அது. இழுபட்டு, அடுத்த நொடி துள்ளித் திரும்புகிறது. ஓட்டத்தின் சிக்கனமே அதில்தான் இருக்கிறது.

இதை நேரடியாக அளந்து காட்டியது வான்கோழியில், 1997இல். வான்கோழிக் கால் சமைத்தவர்களுக்குத் தெரியும், கறிக்குள் ஊசி ஊசியாக எலும்புபோல் ஏதோ தட்டுப்படும். அது எலும்பில்லை, சுண்ணாம்பேறிக் கெட்டியான தசைநாண். அதன்மேல் விசை அளக்கும் கருவியை ஒட்டலாம். தசைக்குள் சின்னப் படிகங்களை வைத்து நீளத்தையும் அளந்தார்கள். சமதரையில் ஓடும்போது தசை நிறைய விசை தருகிறது, ஆனால் நீளம் அதிகம் மாறுவதில்லை. மேட்டில் ஏறும்போதுதான் நன்றாகச் சுருங்கி வேலை செய்கிறது.

இப்போது தண்ணீருக்கு வருவோம். நெஞ்சளவு தண்ணீர் உடம்பின் பாரத்தைப் பெரும்பகுதி தாங்கிக்கொள்கிறது. காலை நிமிர்த்திப் பிடிக்கிற தசைக்கு வேலை குறைந்துவிடுகிறது. மாறாகக் காலை மடக்கித் தூக்கி முன்னே கொண்டுவருகிற தசைக்கு வேலை கூடுகிறது, ஏனென்றால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரவேண்டும். முழுக்க நீந்தும்போது குளம்பின்கீழ் உதைக்கத் தரையே இல்லை. தசை சுருங்கிச் சுருங்கித் தண்ணீரைப் பின்னே தள்ளுகிறது. துள்ளித் திரும்புகிற தசைநாணுக்கு அங்கே வேலை ரொம்பக் குறைவு. உங்கள் செவலை மூன்று மாதம் வாளி இழுக்கப் பழகியது. பந்தயத்தில் கயிற்றைப் பிடித்து நிறுத்தச் சொன்னீர்கள்.

அந்த இரண்டு நாள் விறைப்புக்கும் இதில் ஒரு தடயம் இருக்கிறது. முறுக்கேறிய தசை இழுபடும் வேலை பழக்கமில்லாத உடம்புக்கு வந்தால், வலி அன்றைக்கு இருக்காது. மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் தெரியும். மலைக்கோயிலுக்குப் போய் வந்தவர்கள் ஏறியதைவிட இறங்கியதைத்தான் சொல்லி அழுவார்கள். நீச்சலில் இந்த இழுபடும் வேலை கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

மூச்சு இரைக்கவில்லை என்றீர்களே, அது கடல் கொடுத்த வரவு. அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.


வாலிநோக்கத்தான்
திங்கள், இரவு 9.10

அப்படியென்றால் எங்கள் மஞ்சுவிரட்டுக் காளைக்கு மட்டும் எப்படி உதவுகிறது?


கால்நடை_மாணவி
திங்கள், இரவு 9.31

அது நின்ற இடத்திலிருந்து சட்டென்று பாய்வது. பின்தொடையும் சப்பையும் ஒரே மூச்சில் சுருங்கித் தள்ள வேண்டும், சில நொடி வேலை. தண்ணீரைத் தள்ளிப் பழகிய தசைக்கு அது அவ்வளவு அந்நியமில்லை. ஆறு மைல் நாலுகால் பாய்ச்சல் வேறு கணக்கு. இருவரும் சரிதான் அண்ணே, இருவரும் வேறு வேறு மாட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

பூனையில் ஒரு பழைய சோதனை உண்டு, 1978. கெண்டைக்காலில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தசைகள். சோலியஸ் என்பது மெதுவான, களைக்காத தசை. இன்னொன்று பெரியது, வேகமானது. இரண்டும் இழுப்பது குதிகாலைத்தான். நிற்பது, நடப்பது, ஓடுவது எதிலும் சோலியஸ் கொடுக்கிற விசை பெரிதாக மாறவில்லை. வேகம் கூடக்கூட, அப்புறம் குதிக்கும்போது, மற்றதுதான் எகிறியது. நிற்கும்போது அது பாதித் தூக்கம்.

இன்னும் வேடிக்கை, பூனை காலில் ஈரம் பட்டால் படபடவென்று உதறுமே, நொடிக்குப் பத்துத் தடவை. அப்போது சோலியஸ் அடங்கிவிடுகிறது, வேகத் தசை மட்டும் வேலை செய்கிறது. மெதுவான தசை அந்த வேகத்துக்கு முறுக்கி அவிழ முடியாது, இருந்தால் இடைஞ்சல். பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்கிற தசைகளில் ஒன்றுக்கு மட்டும் வாயை மூடு என்று உத்தரவு போகிறது.


சும்மா_வந்தவன்
திங்கள், இரவு 10.02

உத்தரவு போடுவது மூளை என்றால், கோழியை அறுத்து விட்டதும் தலையில்லாமல் வாசல்வரை ஓடுகிறதே, அதற்கு யார் உத்தரவு போட்டது? ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நின்றபடி யோசித்த கேள்வி.


மண்டபம்_டீச்சர்
செவ்வாய், காலை 11.15

முப்பது வருடம் உயிரியல் நடத்தியவள். இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் வரும், கடைசி பெஞ்சிலிருந்துதான் வரும்.

கால்களை மாற்றி மாற்றி எடுத்துவைக்கிற தாளம் தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கிறது. கிரஹாம் பிரவுன் என்பவர் 1911இல் பூனையில் காட்டினார். மூளையிலிருந்து வரும் தொடர்பைத் துண்டித்து, காலிலிருந்து போகும் உணர்வு நரம்புகளையும் துண்டித்த பிறகும், மடக்குகிற தசையும் நிமிர்த்துகிற தசையும் மாறி மாறி முறுக்கின. தாளம் போடுகிறவர் கீழே இருக்கிறார். எப்போது ஆரம்பி, எவ்வளவு வேகம் என்பதுதான் மேலிருந்து வருகிறது. 1966இல் ரஷ்ய விஞ்ஞானிகள் பூனையின் நடுமூளையில் ஓர் இடத்தை மின்சாரத்தால் தூண்டினார்கள். மின்சாரத்தைக் கூட்டக் கூட்ட, நடந்த பூனை ஓடியது, இன்னும் கூட்டினால் நாலுகால் பாய்ச்சல். கால் வரிசை தானாக மாறிக்கொண்டது. கோழிக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான் தம்பி, அறுத்த பிறகும் கீழே தாளம் கொஞ்ச நேரம் ஓடுகிறது.

இதற்கு நம் கடற்கரையிலேயே கண்ணால் பார்க்கிற சாட்சி இருக்கிறது. தனுஷ்கோடியில் வனத்துறை ஆமை முட்டைகளைச் சேர்த்து வைத்துப் பொரித்துக் கடலில் விடுகிறார்களே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். சித்தாமைக் குஞ்சு மணலில் போகும்போது இடது துடுப்பு, வலது துடுப்பு என்று மாற்றி மாற்றிப் போடும். அலை வந்து தூக்கிய மறுநொடி, இரண்டு முன்துடுப்பும் சேர்ந்து பறவை சிறகடிப்பதுபோல் அடிக்க ஆரம்பிக்கும். யாரும் சொல்லித் தரவில்லை, பொரித்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது. அதே தோள், அதே தசை. தாளம் மட்டும் ஏகத்துக்கு மாறிவிடுகிறது.

தடத்தைப் பார்த்தே ஆமையைச் சொல்லலாம். முட்டையிட ஏறிவந்த சித்தாமையின் தடத்தில் துடுப்பு பட்ட இடங்கள் இடமும் வலமும் மாறி மாறி இருக்கும். பேராமை கனமானது, இரண்டு துடுப்பையும் ஒன்றாக ஊன்றி உந்தி உந்தி ஏறும், அதனால் தடம் இரண்டு பக்கமும் நேருக்கு நேராக, டிராக்டர் போன மாதிரி விழும்.


வாலிநோக்கத்தான்
செவ்வாய், மதியம் 1.40

டீச்சர், பேராமைத் தடம் எங்கள் அப்பா அப்படித்தான் சொல்லித் தந்தார். நண்டையும் கேட்டுவிடுகிறேன். மணலில் வளை போட்டிருக்கிற நண்டு பக்கவாட்டில் ஓடுகிறதே, ஒரு பக்கக் கால் இழுக்கிறது, மறுபக்கக் கால் தள்ளுகிறது. விரட்டினால் கடைசிக் காலைத் தூக்கிக்கொண்டு ஓடும். வலையில் வருகிற நீலக்கால் நண்டுக்கு அதே கடைசிக் கால் துடுப்பாக இருக்கிறது. எல்லாம் நண்டுதானே?


மண்டபம்_டீச்சர்
செவ்வாய், மதியம் 2.25

நீங்கள் பார்த்தது அப்படியே சரி. ஓடுகிற திசையில் இருக்கும் கால்களில் மடக்குகிற தசைகள் இழுக்கும், பின்னால் வருகிற பக்கத்தில் நிமிர்த்துகிற தசைகள் தள்ளும். திசை மாறினால் வேலையும் மாறும். நமக்கு எலும்பு உள்ளே, தசை வெளியே. நண்டுக்கு ஓடு வெளியே, தசை அதற்குள் அடைபட்டிருக்கிறது. நீலக்கால் நண்டின் துடுப்பை அடிக்கிற தசை காலில் இல்லை, உடம்போடு கால் சேரும் இடத்தில் இருக்கிறது. குழம்பு வைக்கும்போது உடைத்துச் சாப்பிடுகிற, ருசியான கொத்துச் சதை அதுதான்.

எட்டுக்காலியைச் சேர்க்காவிட்டால் பாடம் முடியாது. அதன் காலில் முக்கியமான மூட்டுகளில் மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. உடம்புத் திரவத்தை அழுத்தித்தான் நீட்டுகிறது. செத்த எட்டுக்காலி எல்லாம் கால் மடக்கிக் கிடப்பது அதனால்தான்.


சாரதி_சாயல்குடி
செவ்வாய், இரவு 8.50

ஆமை, நண்டு, எட்டுக்காலி எல்லாம் வந்தாச்சு, மாட்டைக் காணோம். தங்கச்சி, மணலைப் பற்றிச் சொல்லு. எங்கள் பக்கம் ரோட்டுக்கு முன்னால் ஒரு மாதம் கடல் மணலில் ஓட்டுவோம். அது சரியா தப்பா?


கால்நடை_மாணவி
செவ்வாய், இரவு 9.45

அளந்து பார்த்த கணக்கு மனிதர்களில் இருக்கிறது, 1998. அதே வேகத்தில் மணலில் நடக்க, கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது, 2.1இலிருந்து 2.7 மடங்கு வரை. ஓடினால் சுமார் 1.6 மடங்கு. கால் புதையப் புதைய மணலை நகர்த்தும் வேலை ஒரு பக்கம். துள்ளித் திரும்ப வேண்டிய விசையை மணல் விழுங்கிவிடுவதால் தசையே சுருங்கி வேலை செய்ய வேண்டியிருப்பது இன்னொரு பக்கம். ஆகவே காய்ந்த மணல், தண்ணீருக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு படி. பாரம் முழுக்க இறங்குகிறது, ஆனால் அதிர்ச்சி குறைவு. அலை நனைத்துக் கெட்டியான ஈர மணல் கிட்டத்தட்டத் தரை. அண்ணன் ஒரு மாதம் மணலில் ஓட்டிவிட்டு ரோட்டுக்கு வருவது எனக்குச் சரியாகப் படுகிறது. செவலைக்கு அந்த நடுப்படி இல்லாமல் போய்விட்டது.


கீழக்கரை_காக்கா
புதன், காலை 7.20

நான் கின்னிக்கோழி வளர்க்கிறேன், மாடு கிடையாது. இந்தக் கோழி மேடு பள்ளம் எதையும் பார்க்காமல் தலைதெறிக்க ஓடும், விழவே விழாது. அதன் காலையும் யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா தங்கச்சி?


கால்நடை_மாணவி
புதன், காலை 7.58

காக்கா, உங்கள் கோழிதான் இந்தத் துறையில் நட்சத்திரம்! ஓடுபாதையில் 8.5 சென்டிமீட்டர் பள்ளம் வைத்து, மேலே மெல்லிய தாளை ஒட்டி மறைத்து ஓடவிட்டார்கள். அதன் இடுப்பு உயரத்தில் நாற்பது சதவீதம், நமக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ்வரை வரும் பள்ளத்தில் தெரியாமல் கால் விடுவது மாதிரி. தாளைக் கிழித்துக் கால் இறங்கியது, கோழி பெரும்பாலும் விழாமல் ஓடிக்கொண்டே இருந்தது. தசைக்கு உத்தரவு முன்பே போய்விட்டது, தரைதான் தாமதமாக வந்தது. கால் அதற்குள் கூடுதலாக நீண்டுவிடுவதால் அதே முறுக்கு வேறு பலனைத் தருகிறது. மூளை யோசித்துத் திருத்துவதற்கு முன்பே காலின் அமைப்பு பாதியைச் சமாளித்துவிடுகிறது.

2004இல் இன்னொன்று செய்தார்கள். ஓடும் கின்னிக்கோழியின் ஒவ்வொரு தசைக்கும் எவ்வளவு ரத்தம் போகிறது என்று அளந்து, செலவைப் பிரித்தார்கள். காலை ஊன்றித் தாங்குவதுதான் முழுச் செலவு என்று அதுவரை நினைத்திருந்தார்கள். காலைத் தூக்கி முன்னே வீசுவதற்கு மட்டும் கால்வாசிக்கு மேல், 26 சதவீதம் போகிறது என்று தெரிந்தது. தொண்டி அண்ணனின் கடல் நடை பலப்படுத்தியது இந்தக் கால்வாசியைத்தான். மீதி முக்கால்வாசி மூன்று மாதம் ஓய்வில் இருந்தது. மாட்டுக்கு அதே 26தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது கோழிக் கணக்கு.


சும்மா_வந்தவன்
புதன், காலை 9.12

தனுஷ்கோடிக்கு வருகிற பூநாரை ஒற்றைக்காலில் மணிக்கணக்கில் நிற்கிறதே. அதற்குக் கால் வலிக்காதா? இதுதான் கடைசிக் கேள்வி, சத்தியமாக.


கால்நடை_மாணவி
புதன், மதியம் 1.05

வலிக்காது, ஏனென்றால் தசை கிட்டத்தட்ட வேலையே செய்வதில்லை. 2017இல் செத்த பூநாரையின் உடலை ஒற்றைக்காலில் நிறுத்திப் பார்த்தார்கள், நின்றது. உடம்புப் பாரமே மூட்டுகளை அழுத்திப் பூட்டிவிடுகிறது. இரண்டு காலில் நிறுத்தினால் நிற்கவில்லை.

குதிரையும் பின்னங்காலின் முட்டிச்சில்லை எலும்பு மேட்டில் மாட்டிக்கொண்டு நின்றபடி தூங்கும். மாட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை, படுத்துத்தான் நன்றாகத் தூங்கும். மாட்டுக்கு அந்தச் சில்லு மேலே மாட்டிக்கொண்டால் அது நோய். கால் பின்னால் விறைத்து, குளம்பு தரையில் தேய்ந்து, அப்புறம் வெடுக்கென்று விடுபடும். நம் உழவு மாடுகளில் அடிக்கடி பார்க்கலாம், சின்ன அறுவை செய்தால் சரியாகிவிடும். தொண்டி அண்ணே, செவலைக்கு அப்படி வெடுக்கென்று எடுக்கிற நடை இருந்ததா? இருந்தால் நான் இதுவரை சொன்னதை எல்லாம் விட்டுவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள்.


தொண்டி_பூஞ்சிட்டு
வெள்ளி, இரவு 9.30

இல்லை தங்கச்சி, நன்றாகப் பார்த்துவிட்டேன். வெடுக்கென்று எடுப்பதோ குளம்பு தேய்வதோ இல்லை. வேறொன்று தெரிந்தது. மச்சான் போனில் ஸ்லோமோஷனில் பக்கவாட்டிலிருந்து பிடித்தோம். ஓடும்போது மயிலையின் பின்னங்கால் தரையில் பட்டதும் கணுக்கால் கொஞ்சம் இறங்கி உடனே எழும்புகிறது, ரப்பர் மாதிரி. செவலை காலை மயிலையைவிட உயரத் தூக்குகிறது, தண்ணீரில் தூக்குகிற அதே உயரம். ஆனால் ஊன்றும்போது கூடுதலாக இறங்குகிறது, எழும்பத் தாமதிக்கிறது.

இன்றிலிருந்து வண்டி பூட்டாமல் ஈர மணலில் கையில் பிடித்து ஓட்டம், காலையில் அரை மைல் மட்டும். பதினைந்து நாள் கழித்துக் காய்ந்த மணலில் வெறும் வண்டி. ரோடு அதற்கப்புறம். ஆவணி வரைக்கும் எந்தப் பந்தயத்துக்கும் பேர் கொடுக்கவில்லை.


சாரதி_சாயல்குடி
வெள்ளி, இரவு 9.48

மயிலையையும் கூடவே மணலில் இறக்கு. இரண்டும் ஒரே கால் பழகட்டும். லாடம் இப்போது கட்டாதே, ரோட்டுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.


தொண்டி_பூஞ்சிட்டு
வெள்ளி, இரவு 10.06

சரி அண்ணே. ஒரே சிக்கல், ஈர மணலில் ஓட்டினால் செவலை பாதி வழியில் கயிற்றை இழுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிடுகிறது. இன்றைக்கு என்னையும் சேர்த்து.